குச்சுக்குள்ள போன கதைப் புத்தகம்

இல்லக்கா, முன்னாடி எடம் இருக்குறது தெரியும். அது சாருக்குப் பக்கத்துச் சீட்டு. அங்கன ஒக்காந்தா போற வரைக்கும் எங்க பேசு பாப்போம், எங்க பேசு பாப்போம்னு உசுர வாங்குவாக. நான் இங்கனயே ஒக்காந்துக்கிறேன். நீங்க பைய கீழ வைக்க வேணாம், மடியிலயே வச்சுக்கங்க. எனக்கு இம்புட்டு எடம் போதும்.

நீங்க ராமநாதபுரத்துக்குத்தான? பஸ்டாண்டு வரைக்கும் வருவீங்கள்ல? நடுவுல எறங்கிற மாட்டீங்களே? அப்பச் சரி. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

எம்பேரு நாகஜோதி. ஏழாவது படிக்கிறேன். அந்தா கட்டம் போட்ட சட்ட போட்டிருக்காகள்ல, அவுகதான் வேல்சாமி சார். சன்னலு வழியா தலைய வெளிய நீட்டிக்கிட்டு வாரானே, அவன் இஃப்திகார், எங்க வகுப்புதான். ஏலே, தலைய உள்ள இழுலே! பாருங்க, நம்ம சொன்னா கேக்குறானா. எலிகாப்டரப் பாத்துட்டா அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. உச்சிப்புளியிலயே பொறந்து வளந்தவன், அங்கன இருக்குற நேவிக்காரவுக எலிகாப்டரு தெனம் தலைக்கு மேல பறக்குது, இன்னும் வாயப் பொளந்து பாக்குறான்.

நாங்க புத்தகத் திருவிழாவுக்குப் போறோம்க்கா. வேடிக்க பாக்க இல்ல, பேசப் போறோம். அங்கன மத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா வந்து ஒக்காந்திருக்கும். நம்ம மேடைல ஏறி, நமக்குப் பிடிச்ச கதப் புத்தகம் ஒண்ணப் பத்திப் பேசணும். இதப் படிங்க, ஏன் படிக்கணும்னா இதுக்காகன்னு சொல்லணும். பெரியாளுக யாரும் பேசக் கூடாதாம். பிள்ளைகளுக்குப் பிள்ளைகதான் சொல்லணும்னு சட்டம். பேசி முடிச்சா, எந்தப் புத்தகத்தப் பத்திப் பேசுனமோ அந்தப் புத்தகத்தையே நம்ம கையில குடுத்துருவாக. புத்தம் புதுசு. வீட்டுக்குக் கொண்டுக்கிட்டு வந்துறலாம்.

எனக்கு அது வேணும்க்கா. கப்பு வேணாம், சர்ட்டிபிகேட்டு வேணாம். அந்தப் புத்தகம் மட்டும் இன்னைக்கு என் கைக்கு வந்துறணும். மணி என்னாச்சு? அம்புட்டுத்தானா? இந்த பஸ்ஸு ஏன் இப்புடி உருட்டுது, எறங்கி நடந்தாக் கூட முன்னாடி போயிறலாம் போல.

ஏன் அம்புட்டு அவசரமா? அதுல கடைசி ரெண்டு அத்தியாயம் நான் படிக்கலக்கா. முருகலட்சுமியும் படிக்கல. அதுல வார கூழக்கடாப் பறவ என்ன ஆச்சுன்னு ரெண்டு பேத்துக்குமே தெரியாது.

சிரிக்காதீங்க. படிச்சு முடிக்காத புத்தகத்தப் பத்தி மேடைல எப்புடிப் பேசுவேன்னுதான கேக்குறீங்க? நல்லாப் பேசுவேன். முடிவச் சொல்லக் கூடாதுங்கறது அங்கன இன்னொரு சட்டம். எனக்குத் தோதான சட்டம். தெரிஞ்சாத்தான சொல்லிப்புடுவோம்னு பயம். எனக்கு அந்தப் பயமே கெடையாது.

முருகலட்சுமி எங்க பெரியப்பா மக. பக்கத்து வீடு. நெசமா இன்னைக்கு அவதான் இந்தச் சீட்டுல ஒக்காந்து வந்திருக்கணும். எங்க பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கெழம கடைசிப் பீரியடு கதப் புத்தகப் பீரியடு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, நான் இதப் படிச்சேன், நீங்களும் படிங்கன்னு சொல்லணும். மத்தவுக சொன்னா யாரு கேப்பா? இந்த இஃப்திகார் பய எந்திரிச்சு, சூப்பர் புக்கு, எல்லாரும் கண்டிப்பாப் படிங்க, கடைசில திருடுனது அந்த டாக்டருதான் அப்புடின்னுட்டு ஒக்காந்துட்டான். அதுக்குப் பெறகு எவன் அதத் தொடுவான்? இன்னொரு பிள்ள, எம் புத்தகத்துல பேயி வருதுன்னுச்சு. அம்புட்டுத்தான், எனக்கு ஒனக்குன்னு அடிதடி, அட்டையே கிழிஞ்சு போச்சு. பாத்தா அதுல பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ள அந்தப் புத்தகத்தத் தொறந்தே பாக்கல.

முருகு அப்புடி இல்ல. அவ சொல்லுவா, புத்தகம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னா ஒருத்தியும் படிக்க மாட்டாடி, கதையச் சொல்லிக்கிட்டே போயி கரெக்டான எடத்துல டப்புன்னு நிப்பாட்டணும், அப்பறம் பாரு, ராத்திரி தூக்கம் வராம மறுநா நம்ம பின்னாடியே வருவாளுகன்னு. அப்புடித்தான் பண்ணுவா. அவ பேசுன புத்தகம் எல்லாம் அலமாரில நிக்கவே நிக்காது. எனக்குப் படிக்கிறதே பிடிக்காதுக்கா, நெசமாத்தான் சொல்றேன். அவதான் என்னையப் பிடிச்சு வச்சு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வாசிச்சுக் காட்டுவா. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். கையக் கால பிடிச்சுக் கெஞ்சுனாலும் ரெண்டாவது வாசிக்க மாட்டா. கல்லு நெஞ்சுக்காரி.

விசில முழுங்குன கூழக்கடா. அதுதான் புத்தகத்துப் பேரு. கேள்விப்பட்டிருக்கீங்களா? அய்யோ, உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குத் தம்பி தங்கச்சி இருக்காகளா? அப்ப அதுகளுக்கு வாங்கிக் குடுங்க. இருங்க, நான் மேடைல பேசப் போறத உங்ககிட்டச் சொல்லிப் பாத்துர்றேன். சார்கிட்டச் சொன்னா கைய ஆட்டு, கண்ணப் பாருன்னு கொழப்பிவிட்டுருவாக.

ஒரு கடக்கரை ஊரு. அங்கன ஒரு டிராபிக் போலீசு ஏட்டு. நாளு பூரா விசிலு ஊதி ஊதி, விசிலு இல்லாம அவருக்குப் பொண்டாட்டிகிட்ட பேசக் கூட வராது. ஒரு நா மீனு வாங்கப் போன எடத்துல அந்த விசிலு மீன் கூடைக்குள்ள விழுந்துருது. ஒரு கூழக்கடா வந்து மீனோட சேத்து லபக்குனு முழுங்கிருது. அன்னைலேந்து அது மூச்சு விட்டா விசிலு. கொட்டாவி விட்டா விசிலு. ரோட்டுக்கு மேல பறந்துச்சுன்னா பஸ்ஸெல்லாம் நின்னுருது. கபடி நடக்குற எடத்துல பறந்தா ஆட்டம் முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் துண்ட ஒதறிக்கிட்டுப் போயிர்றாய்ங்க. ஒரு கல்யாண ஊர்வலம் நட்ட நடுரோட்டுல நிக்குது, மாப்பிள்ள அங்கிட்டும் போக முடியல, இங்கிட்டும் போக முடியல. கூழக்கடாக் கூட்டத்துக்கு ஒரே எரிச்சலு. நீ வாயத் தொறந்தா மீனெல்லாம் ஓடிப் போயிருது, நீ எங்க கூட இருக்க வேணாம், அந்தத் தனி மரத்துல போயி இருந்துக்கன்னு வெரட்டி விட்டுருதுக. அது ஒத்தையில ஒக்காந்து அழுகுது. அழுதாலும் விசிலு. அந்தச் சத்தத்தக் கேட்டு ஏட்டு வந்துர்றாரு. அட, இது என் விசிலுல்லன்னு மரத்து மேல ஏறுறாரு. ஏறி, ஏறி, கிட்டக்கப் போயி, ஒரு கையில கெளையப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கைய நீட்டுறாரு. கூழக்கடா பயந்து போயி வாயத் தொறக்குது. விசிலு! விசிலு கேட்டா ஏட்டுக்குப் பழக்க தோசத்துல ரெண்டு கையும் மேல போயிரும்ல. போச்சு!

இங்கனதான் நிப்பாட்டணும். எப்புடி இருந்துச்சு? சிரிச்சுட்டீங்கள்ல? அடுத்து என்னன்னு கேக்கத் தோணுதுல்ல? கேக்காதீங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. அந்த எடத்துலதான் முருகு மாட்டிக்கிட்டா.

அது ஒரு கூத்து. போன வாரம் பள்ளிக்கூடத்துலேந்து வந்ததும் முருகு பெரிய மனுசியாயிட்டா. ஆமாக்கா, வயசுக்கு வந்துட்டா. எங்க ஊருல இன்னும் குச்சு கட்டுறாக. அவளோட தாய்மாமா சின்னச்சாமி, தென்ன மரத்துல ஏறி பச்ச மட்டையா வெட்டிப் போட்டு, வீட்டுக்குப் பக்கவாட்டுல குச்சு கட்டிட்டாரு. அதுக்குள்ளதான் இவ இருக்கணும். தட்டு தனி, செம்பு தனி, பாயி தனி. வாசல்ல ஒலக்க, வேப்பல. காலைல எந்திரிச்சதும் பச்ச முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கச் சொல்லி வாயில ஊத்துறாக. உவ்வே. சின்னப் புள்ளைக கிட்டக்கப் போயிப் பேசலாம், தொடக் கூடாது. கடைசில தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்கு அந்தப் பாயி, துணி, அவ தொட்டது எல்லாத்தையும் குச்சோட சேத்துக் கொளுத்திருவாக. அதுக்குப் பெறகுதான் வீட்டுக்குள்ள வரலாம்.

எனக்கு அவ இல்லாம பள்ளிக்கூடமே பிடிக்கலக்கா. சாப்பாட்டு நேரத்துல சோறு எறங்கல. கதையும் பாதில நிக்கிது. புத்தகம் எங்க வீட்டுல, எம் பையில கெடக்குது. நானா படிச்சிருக்கலாம். படிக்கத் தோணல. அவ கொரலுல கேட்டாத்தான் அது கத. அதான் சாயங்காலமா போயி மட்டைக்கு எடையில புத்தகத்த உள்ள தள்ளிட்டேன். அவ உள்ளாற இருந்து வாசிப்பா, நான் வெளிய மட்டையில முதுகச் சாச்சுக்கிட்டு ஒக்காந்து கேப்பேன். மெல்லமா, ரகசியமா வாசிப்பா. அங்கயும் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயந்தான். திமிரப் பாருங்க.

அப்பத்தான் இந்த ஏட்டு எடம் வந்துச்சு. அவளுக்குத் தாங்கல. கெக்கெக்கெக்கன்னு சிரிச்சுப்புட்டா. குச்சுக்குள்ள இருக்குற பொம்பளப் புள்ள சத்தமாச் சிரிக்கக் கூடாதாம்க்கா. பெரியம்மா அடுப்படிலேந்து அடியாத்தின்னு ஓடி வந்தாக. காத்துக் கருப்பு அண்டிருச்சோன்னு நெனச்சுட்டாக. உள்ள எட்டிப் பாத்தா இவ கையில புத்தகம்.

ஏன் நின்னுருச்சு பஸ்ஸு? ரயில்வே கேட்டா? அய்யய்யோ. இன்னும் ரயிலே வரல போலருக்கே. அவ்வளவு முன்னாடியே எதுக்குக்கா அடைக்கிறாக? ரயிலு என்ன சொல்லாம கொள்ளாமயா வருது? நேரமாயிரும்க்கா. எனக்கு ஒக்கார முடியல. இல்ல இல்ல, தண்ணி வேணாம்.

என்ன சொன்னேன்? ஆங், புத்தகம். தீட்டுப் பட்டுப் போச்சுல்ல. பெரியம்மா சொல்லிட்டாக, அது உள்ள போனது போனதுதான், குச்சோட சேத்துக் கொளுத்த வேண்டியதுதான்னு. ஒடனே சின்னச்சாமி மாமா குதிக்கிறாரு, புத்தகம்ங்கறது யாரு, சரசுவதி, சரசுவதியக் கொளுத்துனா நம்ம குடும்பத்துல ஒருத்தனுக்காச்சும் படிப்பு ஏறுமான்னு. பெரியம்மா விடுவாகளா? அப்ப நீயே கொண்டு போயி உன் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக்கன்னாக. கொளுத்தவும் கூடாது, வீட்டுக்குள்ள கொண்டு வரவும் கூடாது. எங்க அய்யா, அதான் எங்கப்பா, பேசாம பள்ளிக்கூடத்துலயே குடுத்துருவோம்னாக. ஊருப் புள்ளைக பூராத்துக்கும் தீட்டக் குடுக்கவான்னு அவுகளுக்கும் ஒரு வசவு. புத்தகம் நடுவாசல்ல கெடக்குது, சுத்தி நின்னு பெரியாளுக அம்புட்டுப் பேரும் பாம்பப் பாத்த மாதிரி பாக்குறாக.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாயி இருக்காதே. சரசுவதியும் பொம்பளதான, அவுகளுக்குத் தெரியாதா இதெல்லாம்னு கேட்டுப்புட்டேன். எங்கம்மா நடுமண்டைல நங்குனு ஒரு கொட்டு வச்சாக பாருங்க, இன்னும் வலிக்குது. ஆனா முருகு குச்சுக்குள்ளேந்து மறுபடியும் சிரிச்சா. அது கேட்டதும் எனக்குக் கொட்டு வலிக்கல.

கடைசில என்ன பண்ணுனாங்கறீங்க? நெசமாச் சொல்றேன், கேட்டா நம்ப மாட்டீங்க. ஒரு குச்சிய வச்சு அந்தப் புத்தகத்த ஜவுளிக்கடப் பைக்குள்ள தள்ளி, கொல்லைல நிக்கிற உடைமரத்துல ஒசரக் கட்டித் தொங்கவிட்டுட்டாக. தண்ணி ஊத்துன பெறகு எறக்கி மஞ்சத் தண்ணி தெளிச்சு எடுத்துக்கலாமாம். புத்தகத்து மேல தண்ணி தெளிப்பாகளாம்க்கா! சரசுவதி நாலு நாளா மரத்துல தொங்குறா. காத்தடிச்சா பை படபடங்குது. காக்கா வேற வந்து கொத்திப் பாத்துட்டுப் போகுது. நான் ஒரு தடவ ஏறிப் பாத்தேன். உடைமுள்ளு சும்மா விடுமா? இந்தா கையப் பாருங்க, எம்புட்டுக் கீறலு. பாதில எங்கய்யா பாத்துட்டாக, எறங்குடீன்னு ஒரே சத்தம்.

அன்னைக்கு இருட்டுனப்பறம் முருகு மட்டைக்கு அங்கிட்டு இருந்து அழுதாக்கா. அவ அழுது நான் கேட்டதே இல்ல. நாகு, நான் போக வேண்டிய மேடைக்கு நீ போடி, அந்த ஏட்டு எடத்துல நிப்பாட்டு, புத்தகத்த வாங்கு, பஸ்ஸுலயே கடைசி ரெண்டையும் படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லுன்னா. நான் எனக்கு மேடைல பேச வராதுடீன்னேன். எனக்கு மட்டும் இதுக்குள்ள இருக்க வருதாடீன்னா. சரின்னுட்டேன். மறுநா சார்கிட்டப் போயி நின்னேன். சாருக்கு முருகு விசயத்தப் பேசவே வெக்கம். அவளுக்குக் காய்ச்சல்னு மேடைல சொல்லிருன்னாக. காய்ச்சலாம். தண்ணி ஊத்துற அன்னைக்கு ஊருக்கே மைக்கு செட்டுக் கட்டிச் சொல்லப் போறாக, சாருக்கு மட்டும் காய்ச்சல்.

கேட்டத் தொறந்துட்டானா? இல்லையா? ரயிலாச்சும் வருதா? அக்கா, சார் எந்திரிக்கிறாகளே. இங்கிட்டு வாராகளா? கொஞ்சம் முன்னாடி சாஞ்சு ஒக்காருங்க, என்னைய மறச்ச மாதிரி. போயிட்டாகளா? கண்டக்டருகிட்டப் பேசத்தான் போறாகளா? அப்பாடா. அவுக நல்ல சாருதான். ஆனா அவுக கையில போனு இருக்கு, அதுல எங்கய்யா நம்பர் இருக்கு. ஒரு போனு போட்டாப் போதும், அடுத்த ஸ்டாப்புலயே என்னைய எறக்கித் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போயிருவாக.

ஏன் எறக்குவாகன்னு கேக்குறீங்களா? அதச் சொல்லத்தான்க்கா நான் பஸ்ஸுல ஏறுனதுலேந்து பாத்துக்கிட்டு வாரேன். ஏறுன ஒடனே எல்லாச் சீட்டையும் பாத்தேன். அம்புட்டும் ஆம்பளைக, இல்லாட்டிப் பாட்டிமாரு. நீங்க ஒருத்தருதான் காலேஜு அக்கா மாதிரி இருந்தீங்க. பெரிய பையா வேற வச்சிருந்தீங்க. அதான் வந்து ஒக்காந்தேன். ஒக்காந்ததும் கேட்டுறணும்னுதான் நெனச்சேன். வாயில வரல, கூழக்கடாதான் வந்துச்சு. கொஞ்சம் காதக் குடுங்க.

உங்க பையில பேடு இருக்குமாக்கா?

காலைல யூனிபாரம் மாத்துறப்பத்தான் பாத்தேன். எங்கம்மா எனக்குத் தல பின்னி விட்டுக்கிட்டே, தைரியமாப் பேசணும், பயப்படக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. ஒரு வார்த்த வாயத் தொறக்கல நான். தொறந்திருந்தா இந்நேரம் எனக்கும் ஒரு மாமன் மரத்துல ஏறி மட்ட வெட்டிக்கிட்டு இருப்பாரு. அவ ஒரு குச்சு, நான் ஒரு குச்சு. யாரு போயி யாருக்கு வாசிச்சுக் காட்டுறது? துணிய மடிச்சு வச்சிருக்கேன், மேடை வரைக்கும் தாங்குமான்னு தெரியல. வயிறு வலிக்குதுக்கா. பயமாவும் இருக்கு. அம்மாகிட்டச் சொல்லாம வந்தது வேற ஒரு மாதிரி இருக்கு.

இருக்கா? நெசமாவா? ஆத்தாடி, நீங்க நல்லாருக்கணும்க்கா. பேப்பர்ல சுத்திக் குடுங்க, அந்தா இஃப்திகார் பய திரும்பிப் பாக்குறான். என்னலே பாக்குற, அங்கிட்டுத் திரும்பு! பஸ்டாண்டு பாத்ரூம் வரைக்கும் என்கூட வாரீங்களா? எப்புடி வைக்கணும்னு எனக்குத் தெரியாது. சார் கேட்டா பாத்ரூம் போறோம்னு மட்டும் சொல்லுங்க.

யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. நான் ஒண்ணும் நெடுக மறைக்கப் போறதில்லக்கா. மேடைல பேசிட்டு, புத்தகத்த வாங்கிக்கிட்டு, திரும்பி வரயில பஸ்ஸுலயே அந்த ரெண்டு அத்தியாயத்தையும் படிச்சுட்டு, மொதல்ல போயி முருகுகிட்ட முடிவச் சொல்லிட்டு, அதுக்கப்பறம் வீட்டுக்குப் போயி வயசுக்கு வந்துக்கிர்றேன்.